செக்குபந்தி இல்லாத பத்திரம்

கீரமங்கலத்திலிருந்து அக்கா மகன் வந்தான். கையில் பிரிண்ட் எடுத்த 31 பக்கம். அவனும் இரண்டு கூட்டாளிகளும் இரண்டரை வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு பப்ளிஷர் ஒருவர் அதை வெளியிடச் சம்மதித்து ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். "மாமா, கையெழுத்துப் போடலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க." பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, கண்மாய்த் தண்ணீர் என்று முப்பது வருஷம் புதுக்கோட்டை சிவில் கோர்ட்டில் ஓட்டியவன் நான். அன்று ராத்திரி உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தேன். அப்போதிலிருந்து கிறுக்கியவை இவை. ஒழுங்கு எதிர்பார்க்க வேண்டாம்.

*

எந்தப் பத்திரம் வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். சொத்து விவரம் அங்கேதான் இருக்கும். சர்வே எண், விஸ்தீரணம், வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை. செக்குபந்தி, அதாவது நாலு பக்கத்து எல்லை, சரியாக விழுந்திருந்தால் முன்பக்கத்து வாசகங்களில் ஓட்டை இருந்தாலும் சமாளித்துவிடலாம். பையனின் ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக் கோடு மட்டும். சொத்து எது என்பது இரண்டாம் பக்கத்தில், பதினோரு வரிக்கு நீண்ட ஒரே வாக்கியத்துக்குள் கிடந்தது. விளையாட்டு என்றால் அந்த விளையாட்டு, அதன் சோர்ஸ் கோடு, பாத்திரங்கள், இசை, பெயர், அடுத்த பாகங்கள், அதிலிருந்து பிறக்கும் எதுவும், இன்றுள்ள கருவிகளிலும் இனிமேல் கண்டுபிடிக்கப் போகும் கருவிகளிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்.

நான்கு பக்கமும் ஆகாயத்தை எல்லையாக எழுதிய பத்திரத்தை அன்றுதான் பார்த்தேன்.

*

என்றென்றைக்கும் என்று எழுதுவது நமக்கொன்றும் புதிதில்லை. கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவரை' என்று வரும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் பாடிகாவல் விற்ற ஆவணங்கள் இருக்கின்றன. ஊரார் கூடி, காவல் உரிமையை ஓர் அரையனுக்கு விற்பார்கள். அவன் ஊரைக் காக்க வேண்டும். ஊரார் விளைச்சலில் அவனுக்குப் பங்கு அளக்க வேண்டும். காவலுக்கு வந்த சில குடும்பங்கள் பிற்பாடு அந்தப் பக்கத்துக்கே தலைவர்களாகிவிட்டன.

இதைப் பையனிடம் சொன்னேன். "காவலுக்கு ஆளே வைக்காம இருக்க முடியாது மாமா. எங்களுக்குச் செய்யத்தான் தெரியும், விக்கத் தெரியாது" என்றான். அதுவும் உண்மைதான். ஒரு நாளைக்கு எத்தனை புது விளையாட்டுகள் கடையில் வந்து விழுகின்றன என்று செல்போனில் காட்டினான். தள்ளிக்கொண்டே போனான், முடியவில்லை.

*

ஒரே வரியில் எல்லை போட்டு ஜெயித்த கதை டெட்ரிஸ். நான் ரயிலில் ஆடிய ஒரே விளையாட்டு என்பதால் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

1980களின் நடுவில் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் செய்தது அது. ராபர்ட் ஸ்டீன் என்ற லண்டன் தரகர் கம்ப்யூட்டர்களில் வெளியிடும் உரிமையைப் பிடித்து மேலே விற்றார். வாங்கியவர்கள் இன்னும் மேலே விற்றார்கள். கடைசியில் டிவியோடு இணைத்து ஆடும் கருவிகளும் அந்த உரிமைக்குள் அடக்கம் என்று நம்பிக்கொண்டு, அடாரி கேம்ஸின் கிளையான டெங்கன் கார்ட்ரிட்ஜ் அடித்து விற்க ஆரம்பித்தது. உரிமை விற்கும் அதிகாரம் சோவியத் அரசு நிறுவனமான எலோர்கிடம் இருந்தது. அதன் அதிகாரி நிகொலாய் பெலிகோவ் 1989 பிப்ரவரியில் ஸ்டீனை உட்கார வைத்து ஒரு திருத்த ஒப்பந்தத்தை நீட்டினார். அதில், கம்ப்யூட்டர் என்பது ப்ராசஸர், திரை, டிஸ்க் டிரைவ், கீபோர்டு, இயங்குதளம் ஆகியவை கொண்டது என்று ஒரு வரி. பணம் தாமதமானால் அபராதம் என்ற பகுதியிலேயே ஸ்டீனின் கண் இருந்ததாம். கையெழுத்துப் போட்டுவிட்டார். கீபோர்டு இல்லாத டிவிப் பெட்டிகள் அந்த ஒரு வரியில் வேலிக்கு வெளியே போயின. அவற்றுக்கான உரிமை நின்டெண்டோ கைக்குப் போனது. அதே வருஷம் ஜூனில் நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் டெங்கனுக்குத் தடை போட்டார். கார்ட்ரிட்ஜ்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன.

அபராதப் பகுதியை முன்னால் தூக்கிக் காட்டி, எல்லையைப் பின்னால் நகர்த்துவது. இந்த வித்தையை நான் வீட்டுமனை விற்பனையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மாஸ்கோவிலும் அதே வித்தைதான்.

செய்த மனிதர் பஜித்னோவ் தன் உரிமையைப் பத்து வருஷத்துக்கு அரசுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ராயல்டி கண்ணில் பட்டது 1996இல்.

*

நம் சட்டத்தில் ஒரு நல்ல வேலி இருக்கிறது. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு. உரிமை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லையா, 5 வருஷம் என்று கொள்ள வேண்டும். இடம் குறிப்பிடவில்லையா, இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லையா, வேறுவிதமாக எழுதாதவரை அது காலாவதி. 2012இல் 18ஆம் பிரிவில் இன்னொன்று சேர்த்தார்கள்: எழுதிக் கொடுத்த நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகம், குறிப்பாகச் சொல்லப்பட்டிருந்தால் ஒழிய, அந்தக் கொடையில் சேராது. 'இனிமேல் கண்டுபிடிக்கப் போகும் கருவிகள்' என்று மொத்தமாக எழுதினால் அது குறிப்பாகச் சொன்னதாகுமா என்று ஒரு நாள் முழுக்க வாதாடலாம். எனக்கு ஆசையாகக்கூட இருக்கிறது. (கம்ப்யூட்டர் நிரல் சட்டப்படி இலக்கியப் படைப்பு. கம்பராமாயணத்துக்கும் கேமுக்கும் ஒரே பந்தி.)

ஆசை 28ஆம் பக்கத்தில் அடங்கிவிட்டது. இந்த ஒப்பந்தம் கலிஃபோர்னியா சட்டப்படி நடக்கும் என்று எழுதியிருந்தது. நம் வேலி அந்தப் பக்கம் செல்லாது.

*

மூலப்பத்திரம் கேட்டேன். பையன் விழித்தான். மூன்று பேரும் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். தங்களுக்குள் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. பின்னணி இசை திருச்சியில் ஒரு பெண் செய்து கொடுத்தது. ஜிபேயில் பணம் போனது, எழுத்தில் ஒன்றுமில்லை. அவர் இவர்களிடம் சம்பளத்துக்கு இருந்தவர் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராதவரை இசையின் உரிமை அவருடையதே. ஆனால் ஒப்பந்தத்தின் 9ஆம் பக்கத்தில், இந்த விளையாட்டில் உள்ள அனைத்தும் எங்களுக்கே சொந்தம், வில்லங்கம் வந்தால் நஷ்டம் எங்கள் தலையில் என்று இவர்கள் உறுதி சொல்கிறார்கள்.

பப்ளிஷரைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சரிசெய் என்றேன். மூவர் கூட்டு ஒப்பந்தமும், இசைக்கு உரிமை மாற்றப் பத்திரமும் மறுநாளே நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் இன்னும் பத்தாயிரம் கேட்டார். கேட்டது சரி.

*

இனி, பணம்.

மொத்தத் தொகை கொடுத்து எடுத்துக்கொள்வது குத்தகை. விற்பதில் பங்கு தருவது வாரம். இந்த ஒப்பந்தம் வாரம். முன்பணம் 20 லட்சம், பிறகு நிகர வருமானத்தில் 30 சதவீதம். பையனுக்கு அந்த 30தான் கண்ணில் நிற்கிறது. அதை 35 ஆக்கச் சொல்லிக் கேட்கலாமா என்றான்.

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். விளையாட்டு ஒரு கோடிக்கு விற்கிறது என்று வை. இணையக் கடை 30 லட்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 70. விளம்பரச் செலவு என்று பப்ளிஷர் 15 கழிக்கிறார், மிச்சம் 55. இதில் உன் 30 சதவீதம் பதினாறரை லட்சம். ஆனால் வாங்கிய முன்பணம் 20 லட்சத்தை உன் பங்கிலிருந்து அடைக்க வேண்டும் என்று 14ஆம் பக்கம் சொல்கிறது. ஆகக் கையில் ஒன்றும் வராது. கணக்கில் இன்னும் மூன்றரை லட்சம் பாக்கி நிற்கும். அவர் 20 போட்டு 55 எடுத்துவிட்டார், நீ இன்னும் கடன்காரன்.

இப்போது அதே 20 லட்சத்தை முதலிலேயே மொத்தத்தில் கழி. 55இல் 20 போக 35. அதில் 30 சதவீதம், பத்தரை லட்சம். உன் கைக்கு வருகிறது. சதவீதம் மாறவில்லை, விற்பனை மாறவில்லை. கழிக்கிற இடம் மட்டும் மாறியது. பதினாலு லட்சம் வித்தியாசம்.

களத்துமேட்டில் இதே தகராறு எத்தனை பார்த்திருப்போம். விதை நெல்லையும் உரத்தையும் குவியலில் கழிப்பதா, வாரத்துக்கு உழுதவன் பங்கில் கழிப்பதா? நெல்லை அளப்பது யார், மரக்கால் யாருடையது? குத்தகைச் சாகுபடி செய்தவனுக்கு 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் என்று ஒன்றாவது வந்தது. கேம் செய்கிறவனுக்கு இவ்வளவு பங்கு குறையாமல் தர வேண்டும் என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை என்றே தோன்றுகிறது. அவன் பேசி வாங்கியதுதான் பங்கு.

மரக்கால் விஷயம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புவார்களாம். சந்தேகம் வந்தால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உண்டா என்று தேடினேன். உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை, அவர்கள் ஊருக்குப் போய், நம் செலவில்.

*

ஒரு மார்க்கில் போன போனஸ். 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் விளையாட்டைச் செய்தது அப்சிடியன், வெளியிட்டது பெதஸ்டா. ராயல்டி கிடையாது, மொத்தத் தொகை. விமர்சனங்களைச் சராசரி எடுத்துப் போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் மட்டும் போனஸ். வந்தது 84. இதை அப்சிடியனின் கிரிஸ் அவெலோனே 2012இல் வெளியில் சொன்னார்.

யாரோ ஊர் பேர் தெரியாத விமர்சகர் அன்று தலைவலியோடு எழுதியிருந்தால் அதுவும் அந்த 84இல் சேர்த்திதானே.

*

அதே ஃபால்அவுட் பற்றி இன்னொன்று. அதை முதலில் வைத்திருந்த இன்டர்ப்ளே, கடன் நெருக்கடியில் 2007இல் பெயரையும் உரிமையையும் பெதஸ்டாவுக்கு 57.5 லட்சம் டாலருக்குக் கிரயம் செய்தது. பலர் சேர்ந்து ஆடும் இணைய வடிவம் ஒன்றை மட்டும் தானே செய்துகொள்ள அனுமதி வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு நிபந்தனை: 2009 ஏப்ரலுக்குள் முழுவேகத்தில் வேலை தொடங்கியிருக்க வேண்டும், 3 கோடி டாலர் முதலீடு திரட்டியிருக்க வேண்டும். பெதஸ்டா நிபந்தனை மீறல் என்று வழக்குப் போட்டது. 2012 ஜனவரியில் 20 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு இன்டர்ப்ளே அந்த அனுமதியையும் விட்டுக்கொடுத்தது. வீட்டை விற்றுவிட்டுத் திண்ணையை மட்டும் கேட்டு வாங்கியவர் கடைசியில் திண்ணையையும் இழந்த கதை. இதை நான் திருமயம் பக்கத்தில், செங்கல் சுவரோடு, நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

*

அடாரி வேலையை விட்டு நான்கு நிரலாளர்கள் 1979இல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். தாங்கள் செய்தவை கோடிகோடியாக விற்க, பெட்டியில் பெயரும் இல்லை, சம்பளத்துக்கு மேல் பங்கும் இல்லை என்பது மனக்குறை. அடாரி வழக்குப் போட்டது, 1982இல் சமரசம். 2010 மார்ச்சில் இதே ஆக்டிவிஷன், கால் ஆஃப் டியூட்டி செய்து கொடுத்த ஜேசன் வெஸ்ட்டையும் வின்ஸ் ஸம்பெல்லாவையும், பெரிய ராயல்டி தேதி நெருங்கும் நேரத்தில் வேலையை விட்டு நீக்கியது. துரோகம் செய்தார்கள் என்றது நிறுவனம். எங்கள் பங்கைத் தராமலிருக்கவே நீக்கினார்கள் என்றனர் அவர்கள். இரண்டு வருஷம் இழுத்து, விசாரணை தொடங்குமுன் 2012 மே கடைசியில் சமரசம்.

மருமகளாக வந்து கஷ்டப்பட்டவர்கள்தான் பிறகு மாமியார் ஆகிறார்கள்.

*

2020 ஊரடங்கில் எங்கள் ஊர்ப் புதுக்குளம் கரையில் எந்த மரத்தடியிலும் நாலு பையன்கள் பப்ஜி ஆடிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது, பப்ஜியும் அதில். எல்லையில் சீனாவோடு சண்டை. அதனால் சீனச் செயலிகள். ஆனால் பப்ஜி கொரிய நிறுவனத்தின் சொத்து. அதன் மொபைல் வடிவத்தை வெளியிட்ட டென்சென்ட்தான் சீன நிறுவனம். ஆறே நாளில், 8ஆம் தேதி, இந்தியாவில் வெளியிடும் உரிமை இனி டென்சென்டுக்கு இல்லை என்று கொரியக்காரர்கள் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் கிராஃப்டன் என்ற தாய் நிறுவனத்தின் பெயரிலேயே அது பிஜிஎம்ஐ ஆக வந்தது.

எனக்குப் பிடித்தது அந்த ஆறு நாள். ஒரு நாட்டை மட்டும் தனியே கழற்றி எடுக்க முடிந்திருக்கிறது. பையனின் ஒப்பந்தத்தில் அப்படிக் கழற்ற வழியில்லை. நாடுவாரியாகப் பிரித்துக் கேள் என்று பென்சிலில் குறித்தேன்.

அதே கிராஃப்டன் பிறகு ஒரு வழக்கில் எதிர்வாதி ஆனது. 2021இல், சப்னாடிக்கா என்ற விளையாட்டைச் செய்த அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனத்தை 50 கோடி டாலருக்கு வாங்கியது. குறிப்பிட்ட வருமானத்தை எட்டினால் மேலும் 25 கோடி வரை தருவதாக வாக்கு. 2025 ஜூலையில் அதன் தலைவர்கள் மூவரை நீக்கியது. அந்த 25 கோடியைத் தவிர்க்கவே விளையாட்டின் அடுத்த பாகத்தின் வெளியீட்டைத் தள்ளிப்போட்டார்கள் என்று மூவரும் டெலவேர் நீதிமன்றம் போனார்கள். விளையாட்டு தயாராகவில்லை, அவர்கள் பொறுப்பைக் கவனிக்கவில்லை என்றது நிறுவனம். மரத்தடிப் பையன்களுக்கு இது தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் இல்லை.

*

பெயர் தனி எல்லை. கொல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் ஃபேஸ்புக்கில் ஸ்கிராபுலஸ் என்று ஒன்றை ஓட்டினார்கள், ஸ்கிராபிள் மாதிரியே. மேட்டல் வழக்குப் போட்டது. 2008 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமை வாதத்தை ஏற்கவில்லை, ஆனால் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. லெக்ஸுலஸ் என்று மாற்றிக்கொண்டு ஆட்டம் தொடர்ந்தது. நம் பையன் தன் விளையாட்டுப் பெயரை இன்னும் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்கவில்லை.

*

தவணை. வீடு கட்டினால் அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று பணம் தருவோம். இங்கேயும் ஐந்து கட்டம். ஒவ்வொன்றும் பப்ளிஷர் பார்த்து 'திருப்தி' சொன்ன பிறகு பணம். திருப்தி அவர் விருப்பம் மட்டுமே. பார்க்க எத்தனை நாள் என்று இல்லை. ஒப்படைத்து 15 நாளில் பதில் இல்லையென்றால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். இதில்தான் சின்னக் குழுக்கள் செத்துப்போகின்றன என்று எனக்குப் படுகிறது. கோர்ட்டுக்கே வராத சாவு. மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் ஆட்கள் கலைந்துபோவார்கள், அவ்வளவுதான்.

*

வழக்கு வந்தால் எங்கே? இங்கே என்றால் 3 லட்சத்துக்கு மேல் உள்ள வணிக வழக்கு. அவசரத் தடை கேட்டால் ஒழிய முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதெல்லாம் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். ஒப்பந்தம் சொல்வது சான் பிரான்சிஸ்கோவில் ஆர்பிட்ரேஷன்.

கூகுள் பிளே ஸ்டோரின் கட்டண முறையை எதிர்த்து மேட்ரிமோனி.காம் உள்ளிட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி, இதற்கான இடம் போட்டி ஆணையம் என்று மனுக்களை நிராகரித்தார். 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் அதையே சொன்னது. பெரிய கம்பெனிகளுக்கே எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவாவதற்குள் ஆண்டுகள் போகின்றன. கீரமங்கலத்து மூன்று பேர் சான் பிரான்சிஸ்கோவில் என்ன செய்வார்கள்? விமான டிக்கெட்டிலேயே வழக்கு தோற்றுவிடும். சிங்கப்பூர், காணொலி வழி, ஒரே நடுவர் என்று மாற்றிக் கேட்கச் சொன்னேன்.

*

மொத்தம் ஒன்பது திருத்தம் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துப் பதில். ஐந்தை ஏற்றார்கள். அடுத்த பாகங்களின் உரிமை இவர்களிடமே; 18 மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் எல்லாம் திரும்பும்; காலம் என்றென்றைக்கும் என்பது ஏழு வருஷம் ஆனது; 15 நாள்; சிங்கப்பூர். நாடுவாரிப் பிரிப்பு இல்லை. கணக்குப் புத்தகம் பழையபடி. முன்பணத்தைப் பாதி மொத்தத்திலும் பாதி இவர்கள் பங்கிலும் கழிக்கலாம் என்று நடுவில் ஒன்று சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. பையன் ஒப்புக்கொண்டான், கூட்டாளி ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

செல்போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டான். அக்கா காபி டம்ளரோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, இதுக்குச் சாட்சி ரெண்டு பேர் வேணாமா?"

பையன் சிரித்தான். நான் பிரிண்ட் எடுத்த 31 பக்கத்தில் தேதி போட்டு, ஓரத்தில் என் பெயரை எழுதி, பீரோவில் புஞ்சைப் பத்திரங்களுக்கு மேல் வைத்தேன்.